கேட்காத கேள்விக்கு எழுதிய பதில்

எஸ்தர் எழுதிக் கொடுத்த அந்தக் கேஸ் ஷீட்டைவிட நேர்த்தியான ஒன்றை என் முப்பத்து நான்கு வருட வேலையில் நான் பார்த்ததில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், யாரோ சோம்பேறிப் பெண் ஒருத்தி செல்போனைப் பார்த்துக் காப்பியடித்தாள், ஒரு நோயாளி இறந்துபோனார் என்று நீங்கள் சுருக்கமாக முடித்துக்கொள்வீர்கள். கல்லூரியில் அப்படித்தான் முடித்தார்கள். முடிப்பதற்கு நானும் உதவினேன்.

உங்களில் பாதிப் பேர் இந்த வருடம் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் வந்திருப்பவர்கள். மீதிப் பேர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்கள். மருத்துவ மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்று என் அனுபவத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். பொதுவாகத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது ஒரு நோயாளியின் கதை. காஞ்சிபுரத்துக்கு வெளியே நான் கடைசியாகப் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்த கல்லூரி மருத்துவமனையில், ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எஸ்தர், கூரம் கிராமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊர்க்காரி. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து வந்தவள். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அதற்கு முந்தின தலைமுறை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனது. என் குடும்பமும் அதே மாதிரிதான் என்பதால் அவள்மேல் எனக்கு ஒரு தனிக் கவனம் இருந்தது. முதல் இரண்டு வருடமும் அவளுக்கு இங்கிலீஷ் பெரிய சுவராக நின்றது. வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பாள். கண் மட்டும் கலங்கும். நாங்கள் எரிச்சலோடு அடுத்த பெயரைக் கூப்பிடுவோம்.

மூன்றாம் வருடம் அவள் மாறினாள். பேசத் தொடங்கினாள். பதில்கள் ஒழுங்காக வந்தன. என்னம்மா இவ்வளவு முன்னேற்றம் என்று ஒருநாள் கேட்டேன். தயங்கித் தயங்கிப் போனைக் காட்டினாள்.

"புக்குல ஒரு பக்கத்த போட்டோ எடுத்துப் போட்டா தமிழ்ல சொல்லுது சார். புரியலன்னா இன்னொரு தடவ கேக்கலாம். எத்தினி தடவ கேட்டாலும் கோச்சிக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. அவளிடம் இரண்டு வருடமாகக் கோபித்துக்கொண்ட ஆட்களில் நானும் ஒருவன். "நல்லதும்மா, விடாத" என்றேன். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், தமிழ் வழியில் படித்துவரும் பிள்ளைகளுக்கு இது பெரிய துணை என்று பேசவும் செய்தேன். அதை இன்றைக்கும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அதன்பிறகு நடந்ததை நான் கவனிக்கவில்லை. இறுதியாண்டில் மாணவர்கள் எழுதும் நோயாளி வரலாறுகள் திடீரென்று எல்லாமே அழகாகிவிட்டன. பிழையில்லாத இங்கிலீஷ். முக்கியமாக, 'இல்லை' என்று எழுதும் பகுதி. நெஞ்சுவலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, காசநோய் இருந்ததில்லை, நாட்டு மருந்து சாப்பிட்டதில்லை என்று ஒரு பட்டியல் எழுதவேண்டும் அல்லவா? அது முழுமையாக இருந்தால் நாம் மதிப்பெண் போடுகிறோம். நோயாளியிடம் உண்மையிலேயே கேட்டாயா என்று யார் விசாரிக்கிறோம்? நான் மாணவனாக இருந்த காலத்திலேயே அந்தப் பட்டியலில் பாதியை விடுதி அறையில் உட்கார்ந்துதான் எழுதினோம். போனில் வந்த இந்தக் கருவி எதையும் புதிதாகக் கெடுக்கவில்லை. எங்களிடம் இருந்த பழக்கத்தை எங்களைவிடச் சுத்தமாகச் செய்தது.

கருட சேவை முடிந்து மூன்றாம் நாள். திருவிழா முடிந்த வாரத்தில் எங்கள் ஓ.பி.யில் வாந்தி பேதி கேஸ் வரிசை கட்டும். வெளியூர்க் கூட்டம், வெயில், தெருவில் வாங்கிக் குடித்த தண்ணீர். அன்று காலையும் அப்படித்தான். எஸ்தர் அப்போது எங்கள் யூனிட்டில் ஹவுஸ் சர்ஜன். பதினோரு மணி வாக்கில், வாலாஜாபாத் பக்கத்திலிருந்து கன்னியம்மா என்பவரை மகள் சுமதி ஆட்டோவில் அழைத்துவந்தாள். கன்னியம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை. மூன்று நாளாகக் காய்ச்சல், வாந்தி, பேதி. பிரஷர் இறங்கியிருந்தது. டிரிப்ஸ் போட்டு வார்டில் சேர்த்தார்கள்.

ஒன்றரை மணிக்கு நான் ரவுண்ட்ஸ் வந்தபோது எஸ்தர் கேஸ் ஷீட்டை நீட்டினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் நீண்டகால மருந்துகள் எதுவும் இல்லை, ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதில்லை, நாட்டு மருந்து பழக்கம் இல்லை, ஒவ்வாமை இல்லை என்று வரி வரியாக இருந்தது. இத்தனை கூட்டத்திலும் இவ்வளவு கேட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். கூட வந்த மற்றவர்களிடம் ஷீட்டைத் தூக்கிக் காட்டி, "இப்படி எழுதணும்" என்றேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

கட்டிலில் கிடந்த கன்னியம்மாவையும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். முகம் நிலா மாதிரி வட்டமாக, பளபளப்பாக இருந்தது. கைகால்கள் அந்த முகத்துக்குப் பொருந்தாமல் மெலிந்திருந்தன. டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தைச் சுற்றித் தோல் கன்றிப்போயிருந்தது. இதை ஒரு படமாகப் புத்தகத்தில் காட்டினால் மூன்றாம் வருட மாணவன்கூடச் சொல்லிவிடுவான், இது வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு என்று. நான் சொல்லவில்லை. பூசினாற்போல் உடம்பு என்று நினைத்து நகர்ந்தேன். ஸ்டீராய்டு இல்லை என்றுதான் எழுதியே இருக்கிறதே.

இரண்டேகால் மணிக்கு வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பாட்டில் டிரிப்ஸ் போயும் பிரஷர் இன்னும் இறங்கியிருந்தது. சர்க்கரை குறைந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று முடிவு செய்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றினோம். பிரஷரைத் தூக்கும் மருந்தைத் தொடங்கினோம். அளவைக் கூட்டினோம். பிரஷர் ஏறவே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். வயிற்றுப்போக்குக்கு இவ்வளவு சரிவா? சர்க்கரை ஏன் குறைகிறது? ஒருவேளை ஸ்டீராய்டு சாப்பிட்டுத் திடீரென்று நின்றுபோன உடம்போ? வெளியிலிருந்து வருடக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்பு தானே சுரக்கவேண்டியதை மறந்துபோகும். மாத்திரை நின்றால் பிரஷர் நிற்க ஆதாரம் இருக்காது. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போதும். அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

நான் கை நீட்டியது கேஸ் ஷீட்டுக்கு. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதில்லை. அந்தச் சொல்லையே குறிப்பாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். இதற்குமேல் என்ன? காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தேவையில்லாமல் ஸ்டீராய்டு போட்டு, கிருமிக்குக் கதவு திறந்துவிட்டால் யார் பதில் சொல்வது? யோசனையைக் கைவிட்டேன். ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதினேன்.

மூன்றே கால் மணி இருக்கும் அப்போது. ஊசி போட்டது ஆறரைக்கு. இடையில் இருந்த அந்த நேரம் என்னுடையது, எஸ்தருடையது அல்ல.

உண்மையைக் கண்டுபிடித்தது ஐ.சி.யூ. சிஸ்டர். ஐயம்பேட்டைக்காரர், அதிகம் பேசமாட்டார். கன்னியம்மாவின் காலை நீட்டி வைத்தபோது பாதம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். வெயிலில் களத்து நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் கிளறும் வேலை. வெளியே வந்து, வராண்டாவில் உட்கார்ந்திருந்த சுமதியிடம் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, இந்தக் காலோட எப்படிமா டெய்லி வேலைக்குப் போச்சி உங்கம்மா? வலிக்கு கடையில இன்னா வாங்கிப் போட்டுக்கும்?"

"செட் மாத்திரதான் சிஸ்டர். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடையில குடுப்பாங்க. மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, இத்தினூண்டா ஒண்ணு. நான்தான் வேல முடிஞ்சி வரச்சொல்ல வாங்கிக்கினு வருவேன்."

"எத்தினி நாளா?"

"அது ஆவுது அஞ்சாறு வருசம். அத போட்டாதான் அம்மா எழுந்து நடக்கும். இப்ப மூணு நாளா எது குடுத்தாலும் வாந்தியா எடுத்துடுது, அதனால போடல."

சிஸ்டர் என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னார். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த இத்தினூண்டு மாத்திரைதான் ஸ்டீராய்டு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் செட் மாத்திரையைச் சொல்லமாட்டார்கள். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து. கடையில் வாங்கிப் போடுவது வலிக்குப் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். சிஸ்டர் மருந்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலைப் பார்த்தார், காலிலிருந்து கேட்டார்.

ஊசி போட்டோம். எட்டு மணிக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியது. அந்த ஏற்றம்தான் எனக்குத் தீர்ப்பு மாதிரி இருந்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் நின்றிருந்தது. மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்குக் கன்னியம்மா இறந்தார். மூன்றே காலுக்கே போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பிழைத்திருக்க வழி இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

எஸ்தரை என் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"சுகர் இருக்குதா, பிரஷர் இருக்குதான்னு கேட்டேன் சார். இல்லன்னாங்க. வெளிய முப்பது பேர் நின்னுக்கினு இருந்தாங்க. நாலு பாயின்ட்ட போன்ல போட்டேன். முழு ஹிஸ்டரியா வந்துச்சி. அத பாத்து எழுதிட்டேன்."

"ஸ்டீராய்டு இல்லன்னு இருந்துச்சே. அத யார் சொன்னது?"

"அதுவே போட்டுக் குடுத்துச்சி சார். ஃபார்மட்டுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு நின்றாள். வாய்மொழித் தேர்வில் நிற்பாளே, அதே மாதிரி.

கன்னியம்மாவின் உடலைக் கொடுக்குமுன் இறப்புச் சுருக்கம் எழுதவேண்டியிருந்தது. வழக்கமாக அதை ஜூனியர்கள் எழுதுவார்கள். அன்று நானே எழுதினேன். எந்தக் கருவியும் உதவவில்லை, என் சொந்த இங்கிலீஷ். நோயாளி நீண்டகாலம் ஸ்டீராய்டு கலந்த மாத்திரைகளை எடுத்துவந்துள்ளார். இதை உறவினர்கள் மருத்துவமனையில் சேர்க்கும்போது தெரிவிக்கவில்லை. இதுதான் அதன் பொருள். இதைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர்கள் தெரிவிக்கவில்லைதான். நாங்கள் கேட்கவில்லை என்பது மட்டும் அதில் இல்லை. ஓய்வு பெற இரண்டு மாதம். பயந்தேன்.

காகிதத்தை வாங்க வந்த சுமதி என்னைக் கேட்டாள்.

"சார், நான் வாங்கிக் குடுத்த மாத்திரையாலதான் எங்கம்மா போச்சா?"

அவள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்பவள். அன்றைக்கும் கடைச் சீருடைப் புடவையில்தான் இருந்தாள். முந்தின நாள் காலை அப்படியே ஓடிவந்தவள்.

"இப்ப அதெல்லாம் யோசிக்காதம்மா" என்றேன். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா ஏழுமலை நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். நீளமான மேசை. டீன், இரண்டு பேராசிரியர்கள், நான். எதிரில் எஸ்தர். ஹிஸ்டரி எடுத்தது யார்? நான்தான் சார். கேட்காததை எழுதினாயா? ஆமாம் சார். ஏன்? அவள் மேசையைப் பார்த்தாள். கேஸ் ஷீட் மேசைமேல் திறந்து கிடந்தது. அவளுடைய கடைசி வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. டீன் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். அப்படி நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எஸ்தருடைய பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். வார்டில் செல்போன் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து பிள்ளைகள் மாடிப்படியில் நின்று போனைப் பார்த்தார்கள். கேஸ் ஷீட்டுகள் பழையபடியே அழகாக வந்துகொண்டிருந்தன. இளம் ஆசிரியர்களே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு.

விசாரணை முடிந்த மாலை எஸ்தர் என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அன்னிக்கி ஷீட்ட படிச்சிட்டு எல்லாருக்கும் காட்டுனீங்க. நான் நெஜமாவே கேட்டேன்னு நெனச்சீங்களா? இல்ல, நீங்களும் ஃபார்மட்டுன்னுதான் நெனச்சீங்களா?"

நான் மேசையில் இருந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அவள் போய்விட்டாள்.

இன்றுவரை அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடுகிறேன். ரவுண்ட்ஸில் நின்று படித்தபோது நம்பினேனா? நம்பினேன் என்றால், கண்ணெதிரே கிடந்த முகத்தைவிட ஒரு காகிதத்தை நம்பினேன். நம்பவில்லை என்றால், நம்பாத ஒன்றில் கையெழுத்துப் போட்டு, அதை வைத்தே மூன்றே கால் மணிக்கு ஒரு ஊசியை நிறுத்தினேன். இரண்டில் எது குறைந்த பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்று, எஸ்தர் நீட்டிக்கப்பட்ட பயிற்சியையும் முடித்தபிறகு ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நோயாளிகளைப் பார்ப்பதில்லையா என்று கேட்டேன். "இல்ல சார், ரிப்போர்ட்டு மட்டும்தான்" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"கன்னியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் சார். மன்னிப்புக் கேக்கலாம்னு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரரு ஒருத்தரு, நீங்க எழுதிக் குடுத்த பேப்பர இங்கிலீஷ்ல படிச்சி அர்த்தம் சொல்லியிருக்காரு. மாத்திரை வாங்கிக் குடுத்ததும் அந்தப் பொண்ணு, ஆஸ்பத்திரியில கூட இருந்ததும் அந்தப் பொண்ணு. நீ சொல்லாமதான் உங்கம்மா செத்தான்னு ஆயிப்போச்சி. அன்னியிலிருந்து அவங்கப்பா அவங்களோட பேசறதில்ல சார். ஒரே வீட்டுல இருக்காங்க."

"நீ நடந்ததச் சொன்னியா?"

"சொன்னேன். அவங்கப்பா நம்பல. நீ சின்னப் பொண்ணு, பாவப்பட்டுச் சொல்ற, பெரிய டாக்டரு எழுதி சைன் போட்டிருக்காருன்றாரு. நீங்கதான் சார் வரணும்."

அன்று மதியமே புறப்பட்டேன் என்று சொல்ல ஆசை. ஒன்பது நாள் கழித்துத்தான் போனேன்.

வாலாஜாபாத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகவேண்டும். ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும் கொண்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருவருமே இருந்தார்கள். சுமதி உள்ளே அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்து நின்றார். சுமதி தண்ணீர் கொண்டுவந்து, அப்பாவைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். அதிலேயே அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். யாரும் உங்கள் மகளிடம் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை, கேட்டதாக ஒரு இயந்திரம் எழுதியது, அந்தப் பெண் அதைப் பார்த்து எழுதினாள், நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன், மூன்றே கால் மணிக்கே எனக்குச் சந்தேகம் வந்தும் அந்தக் காகிதத்தை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டேன், கடைசியில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள்மேல் எழுதினேன் என்று வரிசையாகச் சொன்னேன். சுமதி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள். ஏழுமலை தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.

"கொடுக்கறேன்."

"கேசு கீசு போட இல்ல சார். சொந்தக்காரங்க கேப்பாங்க."

சுமதி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தமிழில் எழுதினேன். நோயாளியின் மகளிடம் இதுபற்றி யாரும் கேட்கவில்லை, அவர் எதையும் மறைக்கவில்லை, தவறு சிகிச்சை அளித்த எங்களுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மருத்துவப் பதிவு எண்ணையும் போட்டேன். ஏழுமலை உள்ளே போய் மருத்துவமனைக் கவரை எடுத்துவந்தார். பழைய காகிதத்தை வெளியே எடுத்துக் கட்டிலில் விரித்தார். என் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். இங்கிலீஷ் தெரியாதவர்தான். இரண்டிலும் கீழே இருந்த கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"அன்னிக்கி அத எழுதறப்பவும் இப்படித்தான் பேனாவ எடுத்து, சைன் போட்டு, நம்பர் போட்டுக் குடுத்தீங்க. ரெண்டுத்துல நான் எத சார் நம்பறது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோலக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அதுவும் நான் சொல்வதுதான் என்பது புரிந்து மூடிக்கொண்டேன். அவர் இரண்டு தாள்களையும் சேர்த்து ஒரே கவரில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சுமதி ஆட்டோ நிற்குமிடம் வரை கூட வந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"மூணே காலுக்கு அந்த ஊசிய போட்டிருந்தா எங்கம்மா பொழைச்சிருக்குமா சார்?"

"பொழைச்சிருக்கலாம்மா" என்றேன். "உறுதியா சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு இருந்துச்சி."

தலையை ஆட்டினாள். "யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். மறைக்கறதுக்கு எனக்கு இன்னா இருக்குது?" என்றாள். பிறகு, அடுப்பில் சோறு இருக்கிறது, குழைந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தாள்.

ஏழுமலை மகளோடு பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.